எட்டுக் கோர்க்காரர்

எட்டுக் கோர்க்காரர் எங்கள் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் என் கை தானாகவே மேஜையைத் துடைக்க ஆரம்பித்தது. ஏற்கெனவே துடைத்த மேஜைதான்.

நான் வைத்த பெயர் அது. பன்னிரண்டு நாளில் அவருக்கு இது ஒன்பதாவது வருகை.

கட்டட வரைபடம் போடுகிறவர். திரையில் ஒரு சுவரைத் திருப்பினால் போதும், அவருடைய கணினி மூச்சடைத்து நின்றுவிடுகிறதாம். விலை கையைக் கடிக்கக் கூடாது, ஒரே சமயத்தில் எட்டு வேலை பார்க்க எட்டுக் கோர் வேண்டும், நாளெல்லாம் வேலை வாங்கினாலும் சூடாகித் தடுமாறக் கூடாது. அப்படி ஒரு ப்ராசஸர் இருக்கிறதா என்று முதல் நாள் கேட்டார்.

இருந்தது. என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆனால் நல்ல ப்ராசஸர் பத்து வருடம் உழைக்கும். வாங்கிப் போகிறவர் அப்புறம் இந்தப் பக்கம் எதற்கு எட்டிப் பார்க்கப் போகிறார்?

அதனால் அவர் எதைத் தொட்டாலும் குறை சொன்னேன். இது கொஞ்சம் சூடாகும். அது கரன்டைக் குடிக்கும். அடுத்த வாரம் இதைவிட நல்லது வருகிறது. சுமாரான சரக்கையே ஆஹா ஓஹோ என்று தள்ளிவிடுகிற குடும்பத்தில் பிறந்தவள், சொந்தக் கடையின் முதல் தரச் சரக்கைக் கரித்துக் கொட்டினேன். அவரும் ரசித்துக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போவார். மறுபடி வருவார்.

கல்லாவில் இருந்த சித்தப்பாவுக்கு இன்று பொறுமை போய்விட்டது. எட்டுக் கோர்க்காரர் காதுபடவே என்னிடம் ஆரம்பித்தார்.

“ஏம்மா, ஒரு சிப்பு வாங்க இத்தனை நடையா? இந்நேரம் மனுஷன் வீடே வாங்கியிருப்பாரு. இன்னிக்கு நீ விக்கலேன்னா நாளையிலேர்ந்து சாரை நான் பாத்துக்கறேன். நீ குடோனைப் பாரு.”

அதோடு நிற்காமல் விலையையும் குறைத்துவிட்டார். கேட்காமலே! என் ஆயுளில் பார்த்ததில்லை.

எட்டுக் கோர்க்காரரின் முகம் வாடியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

அலமாரிக்குப் போனேன். ஒரு பெட்டியை எடுத்தேன். வைத்தேன். பக்கத்துப் பெட்டியை எடுத்தேன்.

அதே கம்பெனி, அதே எட்டுக் கோர். போர்டில் செருகும் அடிப்பக்கம் மட்டும் வேறு. அவருடைய மதர்போர்டில் தலைகீழாக நின்றாலும் உட்காராது.

தெரிந்தே கொடுத்தேன் என்று வெளியே வந்தால் கடைப் பெயர் போகும். அவரும் போவார். இருந்தும் அதையே கல்லாவில் கொண்டுபோய் வைத்தேன்.

சித்தப்பா வாயெல்லாம் பல்லாக பில் போட்டார்.

எட்டுக் கோர்க்காரர் பெட்டியை வாங்கித் திருப்பினார். எந்த போர்டுக்குப் பொருந்தும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சீல் பிரிச்சா மாத்தித் தர மாட்டோம், சார்.” எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பெட்டியைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“பிரிக்கவே மாட்டேங்க. நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”