பிறை பார்க்கும் முன்

"ஊரெல்லாம் போயிப் பொறுத்துக்குங்கன்னு கேட்டுப்போட்டு வாரீங்க. கூடப் பொறந்தவர் ஊட்டு வாசப்படி மட்டும் உங்க காலுக்கு எட்டாதுங்களா?"

காலையிலிருந்து இஸ்மத் இதைச் சொல்வது நாலாவது தடவை. ஒரு சொல் மாறவில்லை.

அவள் புருஷன் அமீர் ஹம்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. கார்த்திகை மேகம் விலகினால் சாயங்காலமே ரமலான் பிறை தெரிந்துவிடும். நோன்பு பிடிக்கும் முன் மனசைச் சுத்தம் செய்ய வேண்டுமென்று நாலு நாளாகக் கோயமுத்தூர் முழுக்க நடந்து, தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு வந்திருந்தார். பஞ்சாலைகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுப்பவர், தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

"வண்டிக்காரர் பாலுசாமிகிட்டக்கூடக் கேட்டீங்க."

"கேட்டேன். 'உங்க பலகையில நாலு எடுத்து அடுப்பெரிச்சவன் நானுங்க சாயபு, நீங்க எதுக்குங்க கேக்கறீங்க'ன்னு அழுதுபோட்டாரு."

"பாருங்க. நீங்க கேட்டதாலதான் அவரு மனசுல கெடந்தது வெளிய வந்துச்சு. தம்பிகிட்டயும் கேளுங்க."

"அவன்கிட்ட எதுக்குக் கேக்கோணும்? நான் என்ன செஞ்சேன்?"

முற்றத்தில் வேலைக்காரி ராசாத்தாள் நோன்புக் கஞ்சிக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை ஒரு கணம் தயங்கி மறுபடி விழுந்தது.

தம்பி அப்துல் நாசர் வீடு அதே தெருவில் ஆறு வீடு தள்ளி. வருஷா வருஷம் முதல் நோன்பன்று அங்கிருந்து ஒரு தூக்கு கஞ்சி வரும். போன வருஷம் அமீர் ஹம்சா காத்திருந்து பார்த்தார், வரவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டபோது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"கஞ்சிய நிறுத்துனது அவன். மூஞ்சியத் திருப்புனதும் அவன்."

"பேசாம இருக்கறவங்க நோன்பு அந்தரத்துல தொங்கும்னு பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னாருங்கல்ல?"

"நான் செஞ்ச தப்பு இன்னதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், இஸ்மத். இப்பவே போயி அவன் கையப் புடிக்கறேன்."

உலக்கை நின்றேவிட்டது.

"ஏன் ராசாத்தா நிறுத்திப்போட்ட?"

"கை வலிக்குதுங்கம்மா," என்றாள் ராசாத்தாள், இஸ்மத்தை நேராகப் பார்த்து.

இஸ்மத் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். நோன்புக்கென்று சுவரெல்லாம் வெள்ளையடித்து, பரணில் கிடந்த அண்டாவைக்கூட இறக்கிப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். அந்த வீட்டில் இனித் தேய்க்கப் பாத்திரம் பாக்கியில்லை.

"தப்புத் தெரியாட்டி என்னங்க? தெரிஞ்சும் தெரியாமலும்னு பொதுவா ஒரு வார்த்தை கேளுங்க. அவரும் பொதுவாப் பொறுத்துக்குவாரு. எதையும் கிளறாதீங்க."

அமீர் ஹம்சா அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அசர் தொழுதுபோட்டு அப்படியே போயிட்டு வாரேன்."

அவர் தலை மறைந்ததும் ராசாத்தாள் கேட்டாள்: "அவங்க கிளறுனா என்னங்கம்மா செய்வீங்க?"

"நீ அரிசிய இடி."

உலக்கை பத்துத் தடவைகூட விழுந்திருக்காது. இஸ்மத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். இறங்கியவள் திரும்பினாள். மறுபடி இறங்கினாள். இப்படியே தொழுகை முடியும் நேரமாகிவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்துல் நாசர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தம்பியின் குரல்.

"பொறுத்துக்கறதுக்கு என்னங்கண்ணா. ஒண்ணு மட்டும் கேக்கோணும். போன வருஷம் நாங்க குடுத்துவிட்ட கஞ்சிய ராசாத்தா கையில திருப்பியனுப்பிப்போட்டீங்களே. தூக்கு மூடியக்கூடத் திறக்காம. அப்படி நாங்க என்னங்க செஞ்சோம்?"

கஞ்சி வந்ததே அமீர் ஹம்சாவுக்கு இந்த நிமிஷம்தான் தெரியும்.

இஸ்மத் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா தம்பி," என்றார் அமீர் ஹம்சா. "நான்தான் அனுப்பச் சொன்னேன். என்னமோ கோவம். இஸ்மத் வேண்டாம்னுதான் சொன்னா, நான் கேக்கலை. என்னையப் பொறுத்துக்க."

இஸ்மத் உள்ளே போனாள்.

"அவரு பொய் சொல்றாருங்க. கல்யாண ஊட்டுல நாலு பேரு முன்னால, எங்கூட்டுக் கஞ்சி வெறுந்தண்ணி, அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்னு நஃபீசா சொன்னா. அந்த ஆத்திரத்துல நான்தான் திருப்பியனுப்புனேன். இவருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

கதவோரம் நின்றிருந்த நஃபீசா தலையைக் குனிந்துகொண்டாள். அப்துல் நாசர் தன் மனைவியைப் பார்த்தார். அமீர் ஹம்சா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுத்துக்குங்க," என்றாள் இஸ்மத் அவர்கள் இருவரிடமும்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். தம்பியிடம் எப்படிக் கேட்க வேண்டுமென்று காலையிலிருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீங்களும் பொறுத்துக்குங்க."