கால் கழுவும் வீட்டுப்பாடம்

முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. பள்ளிக்கூடத்து மாதா கோயிலின் தரையை மண்டியிட்டுத் தேய்த்துவிட்டு வந்த அம்மா, சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருக்கிறாள். அவள் முன்னால் மகள், பிளாஸ்டிக் டப்பில் வெந்நீரோடு மண்டியிடுகிறாள். சீருடையில் குத்திய 'பணிவு' பேட்ஜ் பல்பு வெளிச்சத்தில் மினுங்குகிறது. "காலைக் குடும்மா. இயேசு சீடருங்களுக்குக் கழுவின மாதிரி வீட்டுல யாருக்காவது கழுவணுமாம். நாளைக்கு சிஸ்டர் கேப்பாங்க." வெடித்த குதிகாலை அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். தண்ணீர் தளும்பி சிமெண்டுத் தரையில் ஓடுகிறது. "சிஸ்டர் சொல்லலன்னா இந்தக் காலு உன் கண்ணுல பட்டிருக்குமாடி?" "ஏம்மா எரிஞ்சு விழற?" "மத்தியானம் உன் ஸ்கூல் வராந்தாவுல வாளியோட நின்னேன். 'யாருடி அது, உன்னையே பாக்குறாங்க'ன்னு உன் கூட்டாளி கேட்டா. நீ என்ன சொன்ன?" மகளின் கை தானாகப் போய் பேட்ஜை மூடுகிறது. "தரை துடைக்கிற ஆயான்னு..." "காதுல நல்லாவே விழுந்துச்சு. தண்ணிய எடுத்துட்டுப் போ." டப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. மகள் எழுந்திருக்கவில்லை. "கழுவி விடறேம்மா..." "என் காலை நானே கழுவிக்குவேன். அதே வராந்தாவுல, அதே பொண்ணு முன்னால, என்னை அம்மான்னு கூப்பிடு. அதுதான் நீ எனக்குத் தர வேண்டிய பாக்கி."