சாம்பியனின் லைசென்ஸ்

"ஊருக்குள்ள நூத்தி அறுபதுல பறந்தானாம். லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க!"

இத்தாலியின் பிரிசிகெல்லா ஊர்க் காபிக் கடைகளில் இதே பேச்சு. வருஷக்கணக்கில் ரேஸ் ஓட்டிக் கோப்பைகளை வாரிக் குவித்த எர்மெஸுக்கா இந்தக் கதி?

அவன் மனைவி நிவெஸுக்கு மானத்தோடு நிம்மதியும் போயிற்று. கல்யாணமான புதிதில் சர்ச் வாசல் நீரூற்றில் காரை இடித்தவள், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"முழங்கால் சிகிச்சைக்கு அப்பாவை இனி யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

"லைசென்ஸ் வச்சிருக்கிறது நீதானே?"

"பாவி மனுஷா! இந்த வயசுல உனக்கு என்ன வேகம்?"

வேறு வழி? குளிர்காலம் பூராவும் நிவெஸ் ஓட்டினாள். பக்கத்தில் எர்மெஸ். பின்சீட்டில் ஜெபமாலையோடு அவள் அப்பா செகோண்டோ.

"பிரேக்! பிரேக்!" என்று அலறி, இல்லாத பிரேக்கை மிதிப்பான் எர்மெஸ்.

"முந்நூறுல போறவன், முப்பதுக்கா பயப்படுற?"

"அங்க ஓட்டுறது நானாச்சே!"

ஒருநாள் எரு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களை முந்தியது. டிராக்டர்காரர் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் சாம்பியன்!" என்றார். எர்மெஸ் சீட்டுக்குக் கீழே சறுக்கி ஒளிந்துகொண்டான்.

அன்று ஃபாயென்சா நகர எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். ஊருக்குப் புதியவர்.

நிவெஸ் கண்ணாடியை இறக்கினாள். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இவரு லைசென்ஸைத் திருப்பிக் குடுத்திடுங்க. வண்டி ஓட்டியே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

"எனக்கும்தான்" என்றார் பின்சீட்டிலிருந்து அப்பா.

போலீஸ்காரர் பெயர் கேட்டார். கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்தார்.

"இவரோடது ரத்தாகவே இல்லையேம்மா."

"நல்லாப் பாருங்க தம்பி, ரத்தாகித்தான் இருக்கும்!" எர்மெஸ் கெஞ்சினான்.

"இல்ல சார். ஒரு சின்னப் புகார்கூடக் கிடையாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் நகர்ந்தார். நிவெஸ் மெல்லத் திரும்பினாள்.

"அப்போ ஊர்ல பேசிக்கிட்டதெல்லாம்?"

"நான் கிளப்பி விட்டதுதான்."

"எதுக்குய்யா?"

எர்மெஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ரேஸ் சீசன் ஆரம்பிச்சா நான் ஊர் ஊராப் போயிடுவேன். ஒரு அவசரம்னா நீ யார் வாசல்ல போய் நிப்பே? சும்மா ஓட்டுன்னு சொல்லியிருந்தா நீ சாவியத் தொட்டிருப்பியா?"

நிவெஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னை அழ வைக்காதே. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில நேரமாச்சு" என்று கியரைப் போட்டாள்.

பின்சீட்டில் ஜெபமாலை உருள்வது நின்றது.

"அப்போ நானும் சொல்லிடறேம்மா. என் கால் சரியாகி ஒரு மாசமாச்சு. நீ வண்டியிலயே காத்திருக்கிற நேரத்துல, நானும் மாப்பிள்ளையும் உள்ள போயி காபிதான் குடிக்கிறோம்!"