கிராணி வீட்டுப் பெண்

"அம்மா, வாசல்ல நில்லுங்க. நீங்க பொறந்த வீட்டோட ஒரு படம் எடுத்துக்கிறேன்," என்று யுவனேஸ்வரி கைப்பேசியைத் தூக்கினாள். அன்பரசி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

கோலா தெர்லா பக்கத்து மலைச்சரிவில் பழைய தோட்டத்து வீடுகளைப் பெயர்த்து வந்து, பலகை பலகையாகச் சேர்த்து நிறுத்தி, திறந்தவெளி அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மேலே, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீடு. கீழே தொழிலாளர்கள் குடியிருந்த லயம். இரண்டும் வந்தது அன்பரசி பிறந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து.

யுவனேஸ்வரி விரும்பும் புனிதனும், அவன் அம்மா கமலவேணியும் கூட வந்திருந்தார்கள். கமலவேணி அன்பரசியைவிடச் சில வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். கல்யாணத்துக்கு அவள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பெண்ணின் அம்மாவோடு ஒரு நாள் பழகிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தாள்.

ஈப்போவுக்குக் குடிவந்த நாளிலிருந்து, தன் அப்பா கிராணி என்றே அன்பரசி சொல்லி வந்தாள். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அதை யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? மகளும் நம்பினாள். கமலவேணியிடமும் அதையே சொல்லியாகிவிட்டது. அந்தப் பொய் ஒருநாள் பலகையும் தகரமுமாக எதிரே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. குட்டு உடைந்தால் மகளின் கல்யாணமும் உடையும்.

உள்ளே போனதும் யுவனேஸ்வரி விடாமல் துளைத்தாள். எந்த அறையில் படுப்பீர்கள், தாத்தா எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்பரசி குத்துமதிப்பாகக் கையைக் காட்டினாள். அந்த வீட்டின் உள்பக்கத்தை அவள் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

பின்கதவு திறக்கவில்லை. புனிதன் தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. கமலவேணி அவனை விலகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைச் சற்று மேலே தூக்கித் தள்ளினாள். திறந்துகொண்டது.

பின்னால், வீட்டோடு பெயர்த்து வந்து வைத்த ஒரு சிமெண்டுத் தொட்டி. அதைப் பார்த்ததும் அன்பரசியின் முகம் வெளுத்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு அவளுடைய அம்மா பாஞ்சாலை அங்கே உட்கார்ந்துதான் கிராணி வீட்டுப் பாத்திரங்களைக் கழுவுவாள். பள்ளியில் சேராத வயதில் அன்பரசி இந்தப் பின்படியில் காத்துக் கிடப்பாள். பிறகு இருவரும் லயத்துக்கு இறங்கிப் போவார்கள்.

"இங்க யாரும்மா பாத்திரம் கழுவுவாங்க? பாட்டியா?" என்றாள் மகள்.

கமலவேணி திரும்பிப் பார்த்தாள். அன்பரசி தொட்டியைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாட்டி எதுக்குக் கழுவணும்? யாரோ லயத்துப் பொம்பள வரும் லா. பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு."

சொன்ன வாயைக் கிழித்துப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு. பெற்றவளைப் பேர் தெரியாத யாரோ ஆக்கியாகிவிட்டது. அதுவும் அவள் கை தேய்ந்த தொட்டியருகிலேயே நின்றுகொண்டு. கீழே லயத்தின் பக்கம் திரும்பவே அன்பரசிக்குக் கூசியது.

பிள்ளைகள் லயத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். தாங்கள் மெல்ல வருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பினாள் கமலவேணி.

சாலையில் காய்கறி லோரி ஒன்று முக்கி முனகி ஏறிப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு கமலவேணி கிட்டே வந்து, அன்பரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல பாத்திரம் கழுவுனவங்க பேரு பாஞ்சாலை, சம்பந்தி."