ஓர் எழுத்து கூடுதல்

இரைச்சல் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பச் சொன்னார் ஆய்வாளர். ஒட்டுக்காரர் திருப்பினார்.

மேசையில் இருந்த பழைய டிஜிட்டல் ரேடியோ திக்கித் திணறி, கடைசியில் வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த புதுப் பெட்டி தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

நிலையத்திலிருந்து ஒலி எண்களாகக் கிளம்பும். வழியில் கொஞ்சம் சிதறிப்போகும். கூடவே வருகிற உபரி எண்களை வைத்து, விடுபட்டவை எவை என்று கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அதற்குத்தான் ஒட்டுக்காரர் ஒரு புதுக் கணக்கு கண்டுபிடித்து அந்தப் புதுப் பெட்டிக்குள் வைத்திருந்தார். கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி வேலை. அதனால் அலுவலகத்தில் அந்தப் பெயர். கிண்டலாக வைத்ததுதான், அவருக்கு என்னவோ பிடித்திருந்தது.

இன்று ஆய்வாளர் சரி என்றால் பெட்டி தொழிற்சாலைக்குப் போகும். இல்லையென்றால் பரணுக்குப் போகும்.

சுற்றிலும் இரும்புத் தகடு அடித்த அறை அது. வெளி அலை எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அலைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் ஒலிபரப்பைக் கம்பி வழியாக உள்ளே விட்டு, அதில் வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்தார்கள்.

காலையிலிருந்து ஒட்டுக்காரருக்கு இரண்டு கவலை. ஒன்று பெட்டி. மற்றதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பல வருடக் கவலை அது. நல்ல சேதி வரும் என்று நம்பவே பயந்தார். வந்தாலும் அலைபேசியில்தான் வர வேண்டும். அதுவோ வாசலில் கிடந்தது.

மதியச் செய்திக்கு நேரமானது. சோதனைக்கு இந்தச் செய்திதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர்தான். வாசிக்கிற அம்மாளின் உச்சரிப்பு அப்படி, ழகரமும் ளகரமும் தனித்தனியாக வந்து நிற்கும், ஓர் எண் பிசகினாலும் காதில் தட்டுப்பட்டுவிடும் என்று காரணம் சொன்னார். ஆய்வாளர் மறுக்கவில்லை. அவரும் அந்தக் குரலுக்கு ரசிகர். ஒருநாளும் அந்த அம்மாளுக்கு நாக்குப் புரண்டு கேட்டதில்லையாம்.

செய்தி முழுவதும் பளிச்சென்று வந்தது. ஆய்வாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. கடைசியில் வானிலை.

‘மாலையில் நகரின் ஓரிரு இடங்களில் மழலைக்கு வாய்ப்பு உள்ளது.’

ஆய்வாளர் நிமிர்ந்தார்.

“மழைக்கு நடுவுல ஒரு ‘ல’ எப்படிங்க வந்துச்சு? உங்க பெட்டி போட்ட ஒட்டுதானே அது?”

வேறு நாளாக இருந்தால் ஒட்டுக்காரர் மேசையைத் தட்டி வாதாடியிருப்பார். கணக்குத் தோற்றால் பெட்டி கரகரக்கும், இல்லை ஊமையாகும். சொந்தமாக ஓர் எழுத்தைச் செய்து சேர்க்க அதற்குத் தெரியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்று பேயறைந்தவர் போல நின்றார். பிறகு, நேரம் காலம் தெரியாமல், சிரிக்கவும் ஆரம்பித்தார்.

உழைப்பெல்லாம் வீணான அதிர்ச்சியில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆய்வாளர் பயந்துபோனார். நல்ல மனசுக்காரர். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று கதவைத் திறந்து, வரவேற்பறையில் சன்னலோரம் சாதாரண ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தார். அங்கே இரைச்சலும் இல்லை, ஒட்டும் இல்லை. அவள் காதிலும் மழலை என்றுதான் விழுந்ததாம். வாய்விட்டுச் சிரித்தாளாம்.

ஆய்வாளர் திரும்பி வந்து ஒட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி தேறிவிட்டது என்றார். இரைச்சல் தின்றதை மட்டும் மீட்டிருக்கிறது, வாசித்தவர் விட்ட பிழையில் கை வைக்கவில்லை, இதைவிட என்ன சான்று வேண்டும் என்றார். அந்த அம்மாளுக்குப் போய் நாக்குப் புரண்டுவிட்டதே என்றுதான் அவருக்கு மனசு ஆறவில்லை.

ஒட்டுக்காரருக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் நின்றபாடில்லை. அதற்குள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். எங்கே ஓடுகிறீர்கள், கையெழுத்துப் போட வேண்டாமா என்று ஆய்வாளர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“என் வீட்டுக்காரிக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேங்க. நான் அப்பா ஆகப்போறேன்னு இப்பத்தான் வானிலை அறிக்கையில சொன்னா.”