பேபிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

"செத்துப்போன அக்கா ஏம்மா பேசுது?"

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி அப்படிக் கேட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கம். மேடையில் மகளாக நடித்த பேபி பிணமாகக் கிடந்தாள். தாயாக நடித்த ஜெயசீலி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சிறுமியின் வாயை அவள் அம்மா பொத்தினாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரை விழுந்ததும் இயக்குநர் தயாளன் பேபியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பொணம்னா பொணமா கெடக்கத் தெரியாதா உனக்கு?"

"கொசு கடிச்சிடுச்சுண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலியும் சிரித்தாள்.

அன்றிலிருந்து குழுவில் அவள் பெயர் கொசு பேபி. வசனம் உள்ள வேடம் எதுவும் பிறகு அவளுக்குக் கிடைக்கவில்லை. தட்டில் காபி கொண்டுவந்து வைத்தாள். கல்யாணக் கூட்டத்தில் நின்றாள். ஒரு நாடகத்தில் முழுக்க முழுக்கத் துணி மடித்தாள்.

ஜெயசீலிக்கோ பத்திரிகையில் பாராட்டு வந்தது. கறாரானவர் என்று பெயர் எடுத்த விமர்சகர் எழுதியிருந்தார்: "மகளை மடியில் கிடத்திய அந்த அரை நிமிட மௌனத்தில் அரங்கமே மூச்சை நிறுத்தியது. ஜெயசீலி அங்கே வசனத்தைத் தேடவில்லை. தன் துக்கத்தைத் தேடினார்."

அந்த வரிகள் அவளை எங்கெங்கோ கொண்டுபோயின. மதுரைக்கு, பெங்களூருக்கு, ஒருமுறை டெல்லிக்கும்.

இப்போது சனிக்கிழமை மாலை நாலரை மணி. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில், மடியில் பள்ளிக்கூட நோட்டுக் கட்டோடு, ஜெயசீலி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரத்துப் பெரிய குழு ஒன்று புது நாடகம் போடுகிறது. நாயகி நாற்பதைத் தாண்டிய பெண். மேடையில் அப்படி ஒரு வேடம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும். விண்ணப்பத்தோடு மூன்று பாராட்டுரைகள் வேண்டும், இன்று ஐந்து மணிக்குள். ஜெயசீலியிடம் மூன்றும் தயார். முதலில் இருந்தது அந்த விமர்சனம்தான்.

அனுப்புகிற நேரத்தில் பேபியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடுகிறாள். பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம்.

"அக்கா, அந்தப் புது நாடகத்துக்கு நானும் போட்டுக்கீறேன். சிரிக்காத. சர்ச் ஃபாதர் ஒண்ணு எழுதிக் குடுத்தாரு, கேன்டீன் மேனேஜர் ஒண்ணு. நாடகக்காரங்க ஒருத்தராவது சொல்லணுமாம், இல்லாட்டி பேப்பர்ல வந்திருக்கணுமாம். எம்பேரு எங்க வந்துச்சு? உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க? ரெண்டு வரி போதும்க்கா. அத நேரா அவங்களுக்கே அனுப்பணுமாம், நான் பாக்கக் கூடாதாம்."

ஜெயசீலியும் விண்ணப்பிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

ஜெயசீலி எழுதினாள்: "பேபி நேரம் தவறாதவர். ஒத்திகைக்கு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. உடைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வார். எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்."

படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைப் படித்து ஒருவரும் நாயகி வேடம் கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. இந்தக் கடிதத்தில் பொய் இல்லை. சாட்சியும் இல்லை.

செங்கல்பட்டு போகிற வண்டி ஒன்று வந்து நின்று, போய்விட்டது.

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள். மேற்கொண்டு கேட்க வெட்கமாக இருந்தது.

மறுபடி எழுதினாள்.

"இத்துடன் பழைய விமர்சனம் ஒன்றை இணைத்திருக்கிறேன். அதில் பாராட்டியிருக்கும் மௌனம் நடிப்பு அல்ல. எனக்கு வசனம் மறந்துவிட்டது. என் மடியில் பிணமாகக் கிடந்த பேபிதான், உதடு அசைவது தெரியாமல், நான் சொல்ல வேண்டிய வரியை எடுத்துக்கொடுத்தார். உதடு கொஞ்சம் அசைந்துதான் விட்டது. அதற்காகத் திட்டும் வாங்கினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தனக்கு ஒரு வரிகூட இல்லாத நாடகத்திலும் எல்லோருடைய வரியும் அவருக்குப் பாடம். நான் அறிந்த மேடை நடிகர்களில் முதலிடம் அவருக்குத்தான். அந்த விமர்சனத்தை அவர் பெயருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்."

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். டீச்சர் அல்லவா. அனுப்பினாள்.

பிறகு தன் விண்ணப்பத்தைத் திறந்து, முதல் பாராட்டுரையை நீக்கினாள். ஒரே பாராட்டை இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியாது.

மூன்று இல்லாமல் விண்ணப்பம் போகாது என்று திரை சிவப்பு எழுத்தில் சொன்னது. ஐந்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். வேறு யாரையாவது போனில் பிடித்து இரண்டு வரி வாங்கியிருக்கலாம். தயாளனே கொடுத்திருப்பார்.

அவள் அந்தப் பக்கத்தை மூடினாள். நாலு பேர் உட்காரும் பெஞ்சில், பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன் அடித்தது.

"அக்கா, அனுப்பிட்டியா? நல்லதா நாலு வார்த்த போட்டியா?"

"போட்டிருக்கேன் பேபி."

"நீ சொன்னா அவங்க கேப்பாங்கக்கா. இந்தக் கடன நான் எப்படிக்கா தீக்கப்போறேன்?"

அடுத்த செங்கல்பட்டு வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஜெயசீலி நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.