பழைய மாடல்

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க மேடம். நல்லாத்தான் இருக்கு."

சர்வீஸ் மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞன் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நல்லா இருக்கிற காது மிஷினைப் போட்டுக்கிட்டு எங்கப்பாவுக்கு ஏன் ஒண்ணுமே கேட்கலை?"

பக்கவாட்டில், சுவரோரம் கிடந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பது அவருக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. இப்போதும் சிரித்தார்.

"போன்ல இருக்கிற ஆப் உத்தரவு குடுத்தாத்தான் மிஷின் வேலை செய்யும்," என்றான் அவன், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "போன மாச அப்டேட்ல இந்த மாடலை ஆப்ல இருந்து எடுத்துட்டாங்க. இனிமே புது மாடல்தான்."

"யாரைக் கேட்டு எடுத்தாங்க? நான் பேக்கரியில வேலை பார்க்கிறேன். நான் வித்த கேக்கை உங்க வீட்டுக்கே வந்து தட்டோட பிடுங்கிக்கிட்டு, புதுசு வாங்கிக்கோன்னு சொன்னா சும்மா விடுவீங்களா?"

அவன் வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது என்ன பார்வை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. இவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் என்றால் இங்கே அவ்வளவுதான் மதிப்பு போலிருக்கிறது!

"நேத்து என் பொண்ணு, 'விழுந்துட்டேன் தாத்தா'ன்னு அழுதுக்கிட்டே வர்றா. இவர் 'சபாஷ்'னு சிரிக்கிறார். அவ திகைச்சுப்போய் நிக்கவும்தான் இவருக்கு விஷயம் புரிஞ்சுது. எழுந்து உள்ளே போய்ப் படுத்தவர் சாப்பிடக்கூட வரலை." அவள் அப்பாவைக் கைகாட்டினாள். "ஊர்ப்பட்ட கதை பேசுற மனுஷன் சார் இவர். உங்க அப்டேட் அவரை ஒரு மூலையில உட்கார வெச்சுடுச்சு."

அவன் முகம் வாடியது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"திட்டாதேம்மா," என்றார் அப்பா திடீரென்று, அவள் முகத்திலிருந்த கோபத்தைப் பார்த்து. "அவர் என்ன பண்ணுவார், பாவம்!"

"நீங்க சும்மா இருங்கப்பா!" என்று கையமர்த்திவிட்டு, "சரி, புதுசு வாங்குறேன்னே வெச்சுக்குவோம். அது எத்தனை நாளைக்கு உழைக்கும்?" என்று அவனைக் கேட்டாள்.

"அதுக்கும் இதே கதிதான் மேடம். வாங்காதீங்க."

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவன் போட்ட சத்தத்தில், கண்ணாடி அறைக்குள்ளிருந்த மேனேஜரே தலைதூக்கிப் பார்த்தார்.

"எங்க கம்பெனியைச் சேராத டாக்டரம்மா ஒருத்தங்க பக்கத்துத் தெருவுல இருக்காங்க. ஆப் இல்லாம ஓடுற சாதாரண மிஷின் வெச்சுத் தர்றாங்க. அங்க கூட்டிட்டுப் போங்க," என்றான் அதே சத்தத்தில்.

இந்தக் கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இவன் இப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கொதிப்பு அடங்கவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வாங்கப்பா, போகலாம். காது நல்லாக் கேட்கிறவங்க வழி சொல்லிட்டுப் போயிடுவாங்க. உங்க கஷ்டம் இவங்களுக்கு எங்கே புரியப்போகுது?"

அவன் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். அப்பா மட்டும் அவள் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்து, ஏதோ நெடுநாள் பழகியவர் போலக் கையை உயர்த்தினார்.

அவன் அவசரமாக மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், இப்ப ஏதோ சொன்னீங்க போல," என்றவன், காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினான். "வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்... அப்பா போட்டிருக்கிற அதே மிஷின்தான் எனக்கும்."